சித்திரமும் சந்தர்ப்பமும்

நந்தலால் போஸின் ஹரிபுராச் சித்திரங்களைப் பார்த்துவிட்டு, "என்ன இது, வெறும் அவசரக் கோடுகள்!" என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. அவை பிறந்த சந்தர்ப்பத்தை அறிந்தவர் அவ்விதம் சொல்லார்.

1938-ஆம் வருஷம் பிப்ரவரியில் குஜராத்திலுள்ள ஹரிபுரா கிராமத்தில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. அதனைச் சித்திரங்களால் அலங்கரிக்குமாறு மகாத்மா காந்தி அவரைக் கேட்டுக்கொண்டார். பார்க்க வருவோரோ பெரும்பாலும் கிராம ஜனங்கள். ஆகவே எளிய காகிதத்தில், மண் வர்ணங்களைக் கொண்டு, தச்சனையும் மத்தளக்காரனையும் மல்லனையும் தீட்டினார். அவரும் அவருடைய மாணாக்கர்களுமாக எழுதியவை சுமார் 400. நடந்து செல்லும் குடியானவன் ஒரு நொடியில் தன்னைத் தானே கண்டுகொள்ள அந்தத் தடித்த கோடுகளே ஏற்றவை.

அவற்றுட் பல இன்று டில்லிக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. அங்கே நிற்கும்போது, நேயர்களே, அந்தப் பந்தலையும் புழுதியையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு தீர்ப்புக் கூறுங்கள்.