தகரக் கூரைக்குக் கீழே வேகும் லிப்ட் மெஷின்கள்



ஊவா மலைநாட்டு எல்லவில் எழும்பும் மாடி ஹோட்டல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மண்சரிவு பேசப்படுகிறது, கழிவுநீர் பேசப்படுகிறது. அந்தக் கட்டடங்களின் உச்சியில் பூட்டிக் கிடக்கும் சின்ன அறையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. லிப்ட் மெஷின் ரூமைத்தான் சொல்கிறேன். கொழும்பில் 19 வருடம் லிப்ட் திருத்தும் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அன்று ஒரு ஹோட்டலில் இருந்து என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். கட்டில் விரிப்புகளை எடுத்துக்கொண்டு மேலே போன பிள்ளை, பக்கத்துத் தோட்டத்து லயத்தில் இருந்து வேலைக்கு வருபவர், இரண்டு மாடிகளுக்கு நடுவே அகப்பட்டிருந்தார். கரண்ட் போனால் லிப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட பெட்டரி ஒன்று இருக்கும். அந்த லிப்டிலும் இருந்தது, வேலை செய்யவில்லை. நான் போய்ச் சேரும்போதே முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது. கதவிடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு, "அண்ணே, காத்தே வரலண்ணே" என்று அழுதுகொண்டிருந்தார்.

மேலே ஓடி மெஷின் ரூமைத் திறந்தேன். கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு முன்னால் நிற்பதுபோல வெக்கை முகத்தில் அடித்தது. மேலே தகரம், நாலு பக்கமும் சுவர். இருந்த ஒரே ஜன்னலையும் குருவி கூடு கட்டுகிறதென்று பலகை அடித்து மூடியிருந்தார்கள். இரண்டு வருடம்கூட ஆகாத பெட்டரி வயிறு ஊதிக் கிடந்தது. பிரேக்கைக் கையால் தளர்த்தி, லிப்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கித்தான் அந்தப் பிள்ளையை வெளியே எடுத்தோம்.

பிறகு அங்கே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மார்ச் மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்கு 46 பாகை. மறுநாள் விடியற்காலை 15. லிப்ட்களுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 81-20, மெஷின் இருக்கும் இடம் 5 முதல் 40 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஈய அமில பெட்டரிக்கோ 25 பாகைதான் உகந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

"எல்ல குளிர் ஊர்தானே" என்று முதலாளிமார் சொல்கிறார்கள். ஊர் குளிர்தான், தகரத்துக்குக் கீழே அது செல்லாது. ஆடி ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் வறண்ட காற்று வீசும்போது பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவு நடுங்கும். ஐப்பசிக்குப் பிறகு மூடுபனி அறைக்குள்ளேயே வந்துவிடும். பகலில் சூடேறிய மின்னணு போர்டுகளில் விடியும்போது நீர் முத்து முத்தாக நிற்கும். கியர் பெட்டி உள்ள மெஷினில் சூட்டுக்கு எண்ணெய் தண்ணீராகிப் பற்கள் தேயும். குளிருக்கு எண்ணெய் இறுகி, லிப்ட் மாடி மட்டத்துக்குச் சரியாக நிற்காமல் படி வைக்கும். பிரேக் சுருள் சூடானால் அதன் இழுவை குறையும். பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே ஓடி, நிறுத்த வேண்டிய நாளில் தேய்ந்துபோயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சாதாரண மோட்டார்கள் கடல்மட்டத்தில் இருந்து 1,000 மீற்றர் உயரம் வரைக்கும் என்றே தரப்படுத்தப்படுகின்றன. அதற்கு மேலே காற்று அடர்த்தி குறைவதால் மோட்டாரின் சூட்டை அது எடுத்துப் போவதும் குறையும். எல்ல அந்தக் கோட்டைத் தாண்டிய ஊர். பண்டாரவளையும் அப்புத்தளையும் இன்னும் உயரம். இருந்தும் கொழும்புக்குப் போடும் அதே கணக்கில்தான் இங்கேயும் மெஷின் பூட்டுகிறார்கள். கீழே வெல்லவாய வெயிலுக்கும் அதே மெஷின்.

சட்டத்தைப் பார்த்தால், நம் நாட்டின் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே லிப்ட் பற்றிய ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1997இல் லிப்டுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி உரிமத்தைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். இங்கே நான் வேலை செய்த எந்த ஹோட்டலிலும் மெஷின் ரூம் வெப்பத்தை யாரும் வந்து அளந்ததை நான் கண்டதில்லை. வரவேற்பறைக்கு ஏசி போடும் முதலாளி, மேலே ஒரு காற்றாடி போடக் கணக்குப் பார்க்கிறார். இது அவருடைய சொந்தச் செலவு விவகாரம் என்று விட்டுவிட முடியாது. நாள் முழுக்க அந்தப் பெட்டிக்குள் ஏறி இறங்குவது நம் தோட்டத்துப் பிள்ளைகள்.

வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே மெஷின் ரூமுக்குக் காற்றோட்டமும் வெப்பம் தாங்கும் கூரையும் உண்டா என்று உள்ளூராட்சி மன்றங்கள் கேட்க வேண்டும். ஏற்கனவே கட்டியவற்றைத் தகுதியுள்ள பொறியியலாளர் வருடா வருடம் பார்த்து, கடைசியாகப் பெட்டரி மாற்றிய திகதியை லிப்டுக்குள்ளேயே ஒட்ட வேண்டும். இதற்கான நியதிச் சட்டத்தை ஊவா மாகாண நிர்வாகம் கொண்டுவர வேண்டும்.

அந்தப் பிள்ளை இன்னும் அதே ஹோட்டலில்தான் வேலை செய்கிறார். லிப்டில் கால் வைப்பதில்லை. விரிப்பு மூட்டையைத் தலையில் வைத்து நாலு மாடியும் படியில்தான் ஏறுகிறார்.

இப்படிக்கு,
லிப்ட் திருத்துநர் ஒருவர்,
எல்ல.