குறும்புக் குழந்தையைக் குற்றவாளி ஆக்குவோர்

"கார்ட்டூன் பார்த்துப் பிள்ளை கெட்டுவிட்டது" என்பது தமிழ்க் குடும்பங்களின் நிலைத்த புலம்பல்களுள் ஒன்று. குற்றவாளிக் கூண்டில் முதலில் நிறுத்தப்படுபவன் பெரும்பாலும் ஷின்-சான் என்னும் ஐந்து வயதுச் சிறுவன். அவனுக்குப் பின்னால், இன்னும் பேச்சே வராத அவன் தங்கை ஹிமாவாரி. அவர்கள்மீது சுமத்தப்படும் குற்றங்கள் மூன்று: மூத்தோரை மதிப்பதில்லை, தமிழ்ப் பண்பாட்டுக்கு அயலானவர்கள், பார்க்கும் பிள்ளையின் பேச்சைக் கெடுக்கிறார்கள். சென்னையில் ஒலிக்கும் இப்புலம்பல் கொச்சியின் வெலிங்டன் தீவை அடுத்து வாழும் தமிழரிடையிலும் அதே சொற்களில் ஒலிக்கிறது. சென்னையில் இது ஒரு பிழையான வாசிப்பு, அவ்வளவே. கொச்சியில் இதற்குக் கொடுக்கும் விலை அதிகம்.

முதலில் வழக்கின் வரலாறு. யோஷிட்டோ உசுயி 1990இல் ஜப்பானிய வார இதழ் ஒன்றில் ஷின்-சான் படக்கதையைத் தொடங்கினார். அது சிறுவர் இதழ் அன்று, வயதுவந்தோருக்கான இதழ். 1992இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. ஜப்பானியப் பெற்றோரும் அன்றே முகம் சுளித்தனர். பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சிகளின் பட்டியலில் அதனை ஆண்டுதோறும் சேர்த்தனர். 2006இல் ஹங்காமா அலைவரிசை வழியே அது இந்தியாவுக்கு வந்தது. பெற்றோர் முறையீடுகளையடுத்து 2008இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் தலையீட்டால் நின்றது. 2009இல் வெட்டுகளுடன் திரும்பியது. தமிழ் பேசும் ஷின்-சான் அன்றிலிருந்து இரண்டு தலைமுறைப் பிள்ளைகளின் தோழனாக இருக்கிறான்.

இந்த வரலாற்றில் முதற்பிழை யாருடையது என்பது தெளிவு. கோட்டோவியம் அசைந்தால் அது குழந்தைகளுக்கான பண்டம் என்று முடிவுகட்டிய பெரியவர்களுடையது. அமெரிக்காவின் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில், சூப்பானை வாயிலிருந்து எடுக்காத கைக்குழந்தை மேகி 1995இல் ஊரின் பெருஞ்செல்வரைச் சுட்டுவிடுகிறாள். ஊர் முழுவதும் துப்புத் துலக்கியும் ஒருவருக்கும் குழந்தைமேல் ஐயம் எழவில்லை. 1999இல் தொடங்கிய 'ஃபேமிலி கை' தொடரின் ஸ்டூவி, தொட்டிற்பருவத்திலேயே தாயைக் கொல்லச் சதி செய்கிறான். இவற்றை அங்கு எவரும் குழந்தை வளர்ப்புக் கையேடாகக் கொள்வதில்லை. பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல இயலாதவற்றைச் சொல்லுவதற்குக் குழந்தையின் வாயைக் கடன்வாங்கும் அங்கத மரபு அது. ஷின்-சானும் அம்மரபினன். அத்தொடரில் நகைப்புக்கு ஆளாவோர் யார் என்று எண்ணிப் பார்க்கலாம். தள்ளுபடி விற்பனைக்கு ஓடும் தாய், நீண்ட வீட்டுக்கடனில் அழுந்தும் அலுவலகத் தந்தை, அண்டைவீட்டாரிடம் காட்டும் போலி நாகரிகம். சிறுவன் செய்வதெல்லாம், வீட்டுக்குள் சொல்லப்பட்டதை வாசலில் சொல்லிவிடுவது. மின்னும் நகையைக் கண்டதும் தவழ்ந்து பாயும் ஹிமாவாரியோ, அன்னையின் ஆசையை ஒப்பனையின்றிக் காட்டும் கண்ணாடி. கண்ணாடியைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க விரும்புவோர், அதில் தெரியும் முகம் தமது என்பதை அறிந்தே விரும்புகிறார்கள்.

குற்றச்சாட்டின் வலுவான பகுதியை மறைக்க வேண்டியதில்லை. அறிமுகமற்ற பெண்களின் பின்னால் சென்று சிறுவன் குழைவது, ஆடை களைந்து ஆடுவது ஆகியன ஐந்து வயதுப் பார்வையாளருக்கு உகந்தவை அல்ல. அவற்றை வெட்டியதில் தவறில்லை. வயதறிந்து நேரம் ஒதுக்குவது ஒளிபரப்புவோர் கடமை. ஆனால் அவ்வெட்டைக் கேட்ட அதே வீட்டின் கூடத்தில், மறுக்கும் பெண்ணைப் பாடல்தோறும் துரத்தும் கதாநாயகன் குடும்பத்தோடு பார்க்கப்படுகிறான். இறுதிக் காட்சியில் அவனுக்கே வெற்றி. ஷின்-சானுக்குக் கிடைப்பது அன்னையின் குட்டும் அதனால் வீங்கிய தலையும். இவ்விரண்டனுள் எது பண்பாட்டுக்குக் கேடு என்ற வினாவை, பண்பாட்டின் பெயரால் பேசுவோர் தமக்குத்தாமே எழுப்பிக்கொள்வதில்லை.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு: அயல்தன்மை. குறும்பு செய்யும் குழந்தை தமிழுக்குப் புதியது என்போர் எந்தத் தமிழைப் படித்தார்கள் என்பது வியப்புக்குரியது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நிலைக்களன்களாக நான்கனைச் சொல்லும்போது எள்ளலுக்கு அடுத்து இளமையை வைக்கிறது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் ஒரு சிறுவன் தெருவில் சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்கிறான், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். பெரியாழ்வாரின் கண்ணன் வெண்ணெயை உண்டு முடித்தபின் வெறும் பானையைக் கல்லில் எறிந்து, அது உடையும் ஓசைக்குச் சிரிக்கிறான். கன்றுகளின் செவிக்குள் எறும்பை விட்டு அவை மிரண்டோடுவதை வேடிக்கை பார்க்கிறான். அண்டைவீட்டுப் பெண்கள் யசோதையிடம் வந்து அடுக்கும் புகார்ப்பட்டியல் ஒரு பதிகம் முழுவதும் நீள்கிறது. பெயர்களை மட்டும் மாற்றினால், இன்று தொலைக்காட்சி நிறுவனத்துக்கு எழுதப்படும் முறையீட்டுக் கடிதம் அதுவே.

தனிநிகழ்ச்சிகளாக இருந்த இவை பின்னர் இலக்கண வரையறையும் பெற்றன. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள், ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கு உரிய இறுதி மூன்றில் ஒன்று சிற்றிற் பருவம். முருகனாயினும் வேறு எத்தெய்வமாயினும், வேந்தனாயினும், அப்பருவத்தில் அவன் சிறுமியரின் மணல்வீட்டை அழிக்க வருபவனாகவே பாடப்பட வேண்டும். அழிக்காதே என்று அவர்கள் இரங்கி வேண்ட வேண்டும். குழந்தையின் குறும்பைப் பாட்டியலின் விதியாக்கி, கடவுளைப் பாட விரும்பும் புலவனும் அதனைத் தவிர்க்க இயலாதபடி செய்த மொழி தமிழ். இம்மரபின் காவலர் என்று தம்மை அறிவித்துக்கொள்வோர், மணல்வீட்டைச் சிதைக்கும் கால் ஜப்பானியக் கால் என்பதற்காகத் தடை கேட்பது நகைப்புக்குரியது. அந்நகைக்கு நிலைக்களன் இளமை அன்று, எள்ளல்.

மூன்றாவது குற்றச்சாட்டு மொழி பற்றியது. மற்ற இரண்டினும் இதுவே ஆழமானது. ஜப்பானிய மூலத்தில் ஷின்-சானின் புகழ்பெற்ற குறும்பு ஒன்று உண்டு. வீடு திரும்புபவர் வாசலில் 'ததைமா' என்பார்; 'வந்துவிட்டேன்' என்பது அதன் கருத்து. வீட்டில் இருப்பவர் 'ஒகாயேரி' என்பார். 'வந்தாயா, வா' என்பது அதன் கருத்து. ஷின்-சான் வீட்டுக்குள் நுழையும்போதே 'ஒகாயேரி' என்கிறான். தாய் ஒவ்வொரு முறையும் திருத்துகிறாள். பள்ளிக்குப் புறப்படும் தமிழ்ப் பிள்ளை வாசலில் நின்று தாயைப் பார்த்து 'பத்திரமாகப் போய் வா' என்று சொல்வதை ஒத்தது இது. இதனை அறியாமை என்று கொள்பவர் குழந்தைமொழியை அறியாதவர்.

உருசிய எழுத்தாளர் கொர்னேய் சுகோவ்ஸ்கி, 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்ற தம் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். இரண்டு வயது நிரம்பாத அவர் மகள் ஒருநாள் குறும்புப் பார்வையுடன் வந்து, நாய் 'மியாவ்' என்று கத்தும் என்று சொல்லிச் சிரித்தாளாம். நாய் எவ்வாறு குரைக்கும் என்பதை உறுதியாக அறிந்த பிறகே ஒரு குழந்தையால் அதனைத் தலைகீழாக்கி மகிழ முடியும் என்பது சுகோவ்ஸ்கி கண்ட முடிவு. பிழைக்கும் குறும்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான். விதியை அறியாதது பிழை. விதியை அறிந்து, அதன் எல்லையைத் தொட்டுப் பார்ப்பது குறும்பு. வீட்டுப் பூனையைப் பார்த்து 'வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா' என்று கேட்டுவிட்டு வாய்பொத்திச் சிரிக்கும் மூன்று வயதுத் தமிழ்ப்பிள்ளை, தமிழின் மரியாதைப் பன்மையை முழுமையாகக் கற்றுவிட்டது. தந்தையைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு ஓடி ஒளியும் பிள்ளையும் அப்படியே. அது ஒளிகிறது என்பதே விதியை அறிந்ததற்குச் சான்று.

இதனை வெலிங்டன் தீவின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ராபர்ட் பிரிஸ்டோவின் தலைமையில் கொச்சித் துறைமுகம் ஆழப்படுத்தப்பட்டபோது, காயலில் தோண்டியெடுத்த மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு அது. வைசிராய் வில்லிங்டன் பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மக்கள் வாயில் அது வெலிங்டன் ஆயிற்று. வேறொரு பிரபுவின் பெயர் அது. அதனால் கப்பல் எதுவும் வழிதவறவில்லை. வளர்ந்தோரின் நாப்பிறழ்ச்சி ஊர்ப்பெயராகி நிலைக்கலாம். குழந்தையின் சொல்விளையாட்டு மட்டும் குற்றமாகிவிடுகிறது.

தீவின் அருகே, கடற்படைத் தளத்தை ஒட்டிய வாத்துருத்தியில் தமிழ்நாட்டிலிருந்து வேலைதேடி வந்த தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழரும் உண்டு. வேலித் திடலை அடுத்த சலவைத்துறையில் இன்றும் துணி வெளுப்போர் அவர்கள்தாம். இத்தகைய வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும், தெருவில் மலையாளம், விளையாட்டில் மலையாளம். வேலைமுடித்துக் களைத்துத் திரும்பும் பெற்றோரிடமிருந்து எஞ்சிக் கிடைக்கும் தமிழ் எது? 'எழுந்திரு. குளி. சாப்பிடு. படி. படு.' இலக்கணநூலார் ஏவல் என்று கூறும் ஒரே வினைவடிவத்துக்குள் ஒரு மொழி முழுவதும் சுருங்கிவிடும் அபாயம் புலம்பெயர்ந்த வீடுகளுக்கு எங்கும் உண்டு. ஏவலுக்குக் கீழ்ப்படிய வாய் வேண்டியதில்லை. காது மட்டும் போதும். அம்மொழியைக் கேட்டால் புரியும், பேச வராது என்னும் தலைமுறை அவ்வாறே உருவாகிறது. பெற்றோரின் உழைப்பைக் குறைகூறுவதற்கில்லை. அவர்களுக்கு இல்லாதது நேரம், பாசம் அன்று.

அத்தகைய வீட்டில் தமிழ் பேசும் ஒரு கார்ட்டூன் குழந்தை எதிர்த்துப் பேசுகிறது, பேரம் பேசுகிறது, பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறது, சாக்குப்போக்குச் சொல்கிறது, கெஞ்சுகிறது, கேலி செய்கிறது. ஏவலுக்கு அப்பாற்பட்ட தமிழ் அனைத்தும் அங்கே இருக்கிறது. அந்த மொழிமாற்றில் செயற்கை உண்டு. உதட்டசைவுக்காக நெளிந்த தொடர்கள் உண்டு. ஆங்கிலக் கலப்பு மிகுதி. அவற்றைக் கண்டிப்பது தகும். ஆயினும் அப்பிள்ளைக்குத் தமிழில் விளையாடக் கற்றுத்தரும் துணை வேறொன்று வீட்டில் இருக்கிறதா என்று கேட்காமல் தொலைக்காட்சியை அணைப்பவர், ஒழுக்கத்தைக் காப்பதாக எண்ணி மொழியை அணைக்கிறார். பிள்ளை குறும்பை விட்டுவிடப் போவதில்லை. மறுநாள் அதே குறும்பைத் தெருவில் மலையாளத்தில் செய்யும். அதில் மலையாளத்துக்கு யாதொரு பழியும் இல்லை. தன்னை நாடிவந்த பிள்ளையை அது தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறது. தமிழ், அடங்கியிருக்கும்போது மட்டும் பேசவேண்டிய மொழியாக அப்பிள்ளையின் மனத்தில் தங்கிவிடும்.

ஆகவே கேட்க வேண்டியவை வேறு. வயதறிந்து நேரம் ஒதுக்குமாறு அலைவரிசைகளைக் கேட்கலாம். நல்ல தமிழ் எழுத்தாளரைக் கொண்டு மொழிமாற்று உரையாடலை எழுதுமாறு கேட்கலாம். பிள்ளையின் அருகில் அமர்ந்து அரைமணி நேரம் பார்த்துவிட்டு, 'அவன் ஏன் அப்படிச் சொன்னான்?' என்று தமிழில் கேட்குமாறு பெற்றோரைக் கேட்கலாம். களைப்பிலும் இயலக்கூடியது அது. எல்லாவற்றுக்கும் மேலாக, நெல்லைத் தமிழிலும் யாழ்ப்பாணத் தமிழிலும் மலையாளம் விரவிய கொச்சித் தமிழிலும் வம்பு செய்யும் கார்ட்டூன் குழந்தைகளைப் படைக்குமாறு தமிழ்க் கலைஞரைக் கேட்கலாம். கண்ணனுக்கு வெண்ணெய் கொடுத்த மரபால், வாத்துருத்தியின் ஒற்றை அறை வீட்டில் அண்டை வீட்டு அக்காவின் கைப்பேசியைத் தண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டுச் சிரிக்கும் ஒரு குழந்தையைப் படைக்க இயலாதா?

இவற்றுள் ஒன்றையும் கேட்காமல் தடையை மட்டும் கேட்பது எளிது, செலவும் இல்லை. ஆனால் ஒரு மொழி பிள்ளையின் சொந்தமாவது, அதில் கீழ்ப்படியக் கற்ற நாளில் அன்று. அம்மொழியில் முதன்முதலாகப் பெரியவர் ஒருவரைச் சீண்டிவிட்டு, திட்டு வாங்கும் முன் சிரித்த நாளில்தான்.