காவல்காரனைக் கழற்றாதீர்கள்!

ஓவனைப் போட்டால் வீடே இருட்டாகிறதா? உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவீர்கள். வருவார், போர்டைத் திறப்பார். "ட்ரிப்பர் வீக் ஆயிடுச்சு சார், டைரக்டா கொடுத்துடறேன்" என்பார். இரண்டு ஒயர், பத்து நிமிஷம். அப்புறம் ஓவன் சமர்த்தாக வேலை செய்யும். 'கைராசிக்காரர்' என்று டீ கொடுத்து அனுப்புவீர்கள்.

அவர் செய்தது ரிப்பேர் அல்ல. குரைத்த நாயை அடித்துக் கொன்றுவிட்டு, 'இனி தெருவில் திருடனே இல்லை' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த ட்ரிப்பர் (இ.எல்.சி.பி. என்பார்கள், ஆர்.சி.சி.பி. என்பார்கள்) பார்ப்பது கணக்குப்பிள்ளை வேலை. விருதுநகர் வியாபாரிக்கு விளக்கவே வேண்டாம். ஃபேஸில் போன கரன்ட் நியூட்ரலில் அப்படியே திரும்ப வேண்டும். 30 மில்லி ஆம்பியர் உதைத்தால், எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். ஓவன் உடம்பு வழியாக எர்த்துக்குப் போகலாம். உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கும் போகலாம். அரை நொடிக்குள் கடையைச் சாத்திவிடும்.

"அதான் எம்.சி.பி. இருக்கே?" இருக்கிறது, ஒயரைக் காப்பாற்ற. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்தக் கசிவு கண்ணுக்கே தெரியாது. அது விழ வேண்டுமானால் ஐந்நூறு மடங்குக்கு மேல் கரன்ட் பாய வேண்டும். அதுவரை ஆள் இருக்க மாட்டார்.

சரி, என்னதான் செய்வது? முதலில், விழுந்தது எது என்று பாருங்கள். எம்.சி.பி. விழுந்தால் ஓவர்லோடு அல்லது ஷார்ட். 2,000 வாட் ஓவன் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் கன்வெர்ட்டர் வைத்துச் செருகுவது வம்பு. ட்ரிப்பர் விழுந்தால் கசிவு. மற்ற எல்லாச் சாமானையும் பிடுங்கிவிட்டு ஓவனை மட்டும் போடுங்கள். விழவில்லையா? குற்றவாளி ஓவன் மட்டுமல்ல. ஃபிரிட்ஜ், கீஸர் என்று ஆளுக்குக் கொஞ்சம் கசியவிட்டுக் கூட்டுச் சதி செய்கின்றன. தனியாகவும் விழுகிறதா? அநேகமாக ஹீட்டிங் எலிமென்ட். அந்தக் குழாய்க்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்ஸைடு பொடி ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலம் முழுக்கப் பரணில் கிடந்த ஓவன் தீபாவளிக்கு இறங்கினால் மக்கர் பண்ணுவது இதனால்தான். மெக்கர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள். ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டினால் பிழைத்தது. இல்லையேல் ஈரத்தை உலர்த்த வேண்டும், அல்லது எலிமென்ட்டை மாற்ற வேண்டும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகுகிற சாமர்த்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ட்ரிப்பரே பழுதாகாதா? ஆகும். அதற்குத்தான் அதில் டெஸ்ட் பட்டன் இருக்கிறது. அமுக்கியும் விழாவிட்டால் புதுசு வாங்கிப் போடுங்கள். காரணமில்லாமல் விழுகிறது என்று சந்தேகமா? அப்போதும் புதுசுதான். இரண்டுக்குமே 'டைரக்ட்' பதில் அல்ல.

சட்டமும் சும்மா இல்லை. ஐந்து கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள இணைப்புகளுக்கு எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு வேண்டும் என்று மத்திய மின்சார ஆணைய விதிகள் 2010-லேயே சொல்லிவிட்டன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2021-ல் மட்டும் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000-க்கும் அதிகம்.

இதை விருதுநகர் மாவட்டத்தில் சொல்ல வேண்டியிருப்பதுதான் கொடுமை. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 35-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஒரு அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்றெல்லாம் அன்றைக்கும் விதி இருந்தது. சீசன் அவசரத்தில் விதி என்பது தொந்தரவு; வெடித்த பிறகுதான் அது விதி. ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு "அதிகாரி தூங்கினாரா, முதலாளிக்குப் பேராசையா" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வீட்டு மெயின் போர்டில் அதிகாரியும் நாமே, முதலாளியும் நாமே. அங்கே நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

ஆலை முதலாளிக்காவது லாபம் என்றொரு காரணம் இருந்தது. நமக்கு? ஒரு கேக்!

இன்றைக்கே போர்டைத் திறந்து அந்த டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். வீடு இருட்டானால் சந்தோஷப்படுங்கள்.