இரண்டு தோசைக்கல்

மார்கழி மாதத்தில் பூந்தமல்லியில் மல்லிகைப் பூ வாங்கிய அனுபவம் உங்களுக்கு உண்டா? பூவிருந்தவல்லி என்று ஊருக்கே பெயர். திருக்கச்சி நம்பிகள் இங்கே நந்தவனம் வைத்து, காஞ்சி வரதனுக்குப் பூக் கொண்டு போனார் என்பது ஐதிகம். அப்பேர்ப்பட்ட ஊரில், மார்கழி பிறந்துவிட்டால் பூக்காரம்மாளின் முழம் ஜாணாகச் சுருங்கிவிடுகிறது. கேட்டால், "வெயிலே இல்லையே சாமி, செடி எப்படி மொட்டு வைக்கும்?" என்கிறாள்.

வெயில் ஏன் இல்லை? இந்தக் கேள்வியில்தான் சென்ற ஜனவரி முதல் வாரத்தில் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி 1931-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆகவே, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு பிள்ளைகள் நடந்து போவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. அடுத்த வீட்டிலும் அப்படி ஒரு பெண் இருக்கிறாள். ஏழாம் வகுப்பு. பிறவியிலேயே பார்வை கிடையாது. அதற்கும் சேர்த்து வாய் உண்டு. அன்று காலை வந்து திண்ணையில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, நாளைக்குப் பரீட்சை. கோடைக் காலத்தில் மட்டும் ஏன் இப்படிச் சுடுகிறது?"

நான் பத்திரிகையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "இது என்ன பிரமாதம்! கோடையிலே சூரியன் கிட்டே வருது. குளிர்காலத்திலே தூரப் போயிடுது. எழுதிக்கோ."

அவள் எழுதவில்லை. சற்று யோசித்துவிட்டு, "அப்படின்னா மெல்போர்னுக்கு மட்டும் எப்படித் தாத்தா கிட்டே வரும்? கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டெஸ்ட் மாட்ச். அங்கே வெயில் கொளுத்துதுன்னு வர்ணனையிலே சொன்னாங்க. நான் போர்வைக்குள்ளே இருந்துதான் கேட்டேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரே சூரியன், ஒரே பூமி, ஒரே நாள். எங்களுக்கு எட்டியும் மெல்போர்னுக்குக் கிட்டவும் எப்படி இருக்க முடியும்? உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஆண்டுதோறும் ஜனவரி 3, 4, 5 தேதிகளை ஒட்டி. அப்போது தூரம் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். மிகவும் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில்; அப்போது 15 கோடியே 21 லட்சம். அதாவது, நான் "தூரப் போயிடுது" என்று சாதித்த அந்த வாரத்தில்தான் சூரியன் எங்கள் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தது! அறுபது வருஷமாக நான் நம்பி வந்த சமாசாரம் இது. எத்தனை குழந்தைகளுக்குச் சொல்லியிருப்பேனோ, தெரியாது.

தவறை ஒப்புக்கொண்டேன். "தூரம் இல்லேம்மா, சாய்வு. இதோ காட்டுகிறேன்" என்று டார்ச் விளக்கையும் ஒரு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன். நேராக அடித்தால் வட்டமாக விழும், சாய்த்து அடித்தால் நீண்டு விழும் என்று ஆரம்பித்தவன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாருக்கு விளக்கைக் காட்டுகிறேன்?

அடுப்பங்கரையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "மிளகாய் காய வைக்கிற முறத்தைக் காலையிலே சூரியனைப் பார்க்கச் சாய்த்து வைக்கிறேனே, அது எதுக்காம்? குழந்தையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

பார்த்தீர்களா, விஞ்ஞானம் எங்கே இருக்கிறதென்று!

இரண்டு இரும்புத் தோசைக்கல்லை மொட்டை மாடிக்குக் கொண்டு போனோம். மணி எட்டரை. ஒன்றைத் தரையில் பலகை மேல் படுக்க வைத்தேன். இன்னொன்றை அதே மாதிரி பலகையில், சூரியனுக்கு நேர்முகமாகச் சாய்த்து வைத்தேன். "ஏங்க, பலகாரத்துக்கு நேரமாச்சு!" என்று கீழேயிருந்து மூன்று தடவை குரல் வந்தது. கால் மணி கழித்து அவள் இரண்டின் மேலும் உள்ளங்கையை வைத்தாள்.

"சாய்ந்ததுதான் சூடு. ஆனால் இரண்டுக்கும் சூரியன் ஒரே தூரம்தானே?"

"அதேதான்."

பிறகு அவளே கீழே வந்து, ஒரு கரண்டி மாவைச் சின்னதாக வார்த்தாள். இன்னொரு கரண்டியை அகலமாக இழுத்துவிட்டாள். ஒன்று தடித்த ஊத்தப்பம், மற்றது மெல்லிய முறுகல். மாவு ஒரே கரண்டிதான். சூரிய கிரணமும் அப்படியே. நேராக விழுந்தால் கொஞ்ச இடத்தில் தடிப்பாக விழுகிறது. சாய்ந்து விழுந்தால் அதே வெயில் நிறைய இடத்தில் மெல்லிசாகப் பரவிவிடுகிறது.

கணக்கையும் கேளுங்கள். ஜனவரியில் சூரியன் கிட்டே இருப்பதால், ஜூலையைவிட நூற்றுக்கு 7 பங்கு வெயில் அதிகம் கிடைக்கிறது. ஆனால் பூந்தமல்லியில் அப்போது உச்சிப் பொழுதில்கூடச் சூரியன் 54 பாகைதான் ஏறுகிறது. அந்தச் சாய்வால், தலைக்கு நேரே நிற்கும்போது தரைக்குக் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. டில்லியில் ஐந்தில் இரண்டு பங்கு நஷ்டம். பகல் பொழுதும் எங்களுக்கு ஜூனைவிடச் சுமார் ஒன்றரை மணி குறைவு. மெல்போர்னிலோ அதே சமயம் சூரியன் 75 பாகைக்கு ஏறுகிறது. பகல் பதினாலே முக்கால் மணி நேரம். தூரம் கொடுத்ததைச் சாய்வு வட்டியோடு வாங்கிக்கொள்கிறது.

ஏன் இந்தச் சாய்வு? ஒரு சாத்துக்குடியில் குச்சியைக் குத்தி அவள் கையில் கொடுத்தேன். பூந்தமல்லிக்கு மேலே ஒரு கிராம்பு, மெல்போர்னுக்குக் கீழே ஒரு கிராம்பு. கூடத்தின் நடுவே மோடா, அதுதான் சூரியன். குச்சியைச் சற்றுச் சாய்த்து, அதன் தலை எப்போதும் கிணற்றடிப் பக்கமே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு அவள் மோடாவைச் சுற்றி வந்தாள். ஒரு பக்கம் வந்தபோது எங்கள் கிராம்பு மோடாவைப் பார்த்துக் குனிந்தது. எதிர்ப் பக்கம் போனபோது மெல்போர்ன் கிராம்பு முன்வந்தது. பூமியின் அச்சு இருபத்து மூன்றரை பாகை சாய்ந்திருப்பதன் விளைவு இவ்வளவுதான்.

"அப்போ தூரத்துக்கு மதிப்பே இல்லையா?" என்றாள் விடாமல்.

உண்டு. இரண்டு மடங்கு தூரம் போனால் வெயில் கால் பங்காகிவிடும். செவ்வாய்க் கிரகத்தின் பாதை நன்றாகக் கோணலானது. அங்கே கிட்டே வரும்போது கிடைக்கும் வெயில், எட்டப் போகும்போது கிடைப்பதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதனால் செவ்வாயில் தூரமும் பருவத்தை ஆட்டிவைக்கிறது. ஆனால் தூரம் மட்டுமே போதாது. புதன்தான் சூரியனுக்கு முதல் வீடு. அதன் பகல் சுமார் 430 டிகிரி செல்ஸியஸ். இரண்டாம் வீட்டு வெள்ளியோ சுமார் 465 டிகிரியில் ராப்பகலாக வேகிறது. கரியமில வாயு என்னும் கனத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டிருக்கிறதே, அதனால்!

மறுநாள் பரீட்சையில் என்ன எழுதினாள் தெரியுமா? "கோடையில் சூரியன் கிட்டே வருவதில்லை, நேரே வருகிறது. தோசைக்கல்லை வைத்துப் பார்த்தேன்" என்று எழுதினாளாம். என் முதல் பதிலை அவள் நம்பியிருந்தால்? நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

இப்போது நாங்கள் ஏப்ரல் 24-ஆம் தேதிக்காகக் காத்திருக்கிறோம். அன்று பகல் 12 மணி 8 நிமிட வாக்கில் சூரியன் பூந்தமல்லிக்குச் சரியாக உச்சியில் நிற்கும். நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. ஆகஸ்டு 18-ஐ ஒட்டி இன்னொரு தடவை இப்படி வரும். நிழல் அவளுக்கு எதற்கு? ஓர் அடி நீளக் குழாயைச் செங்குத்தாகக் கட்டி வைத்திருக்கிறாள். ஜனவரியில் அதன் அடியில் கை வைத்தால் ஒரு பொட்டு வெயில் இல்லை. அன்று மட்டும் உள்ளங்கையில் காசு வைத்தாற்போல் வெயில் இறங்கும். அக்கினி நட்சத்திரம் அதற்கும் பத்து நாள் கழித்துத்தான் தொடங்குகிறது. கல் காய நேரம் வேண்டாமா?

நீங்களும் உங்கள் வீட்டு மாடியில் ஒரு குழாயைக் கட்டிப் பாருங்கள். தெற்கத்திச் சீமைக்காரர்களுக்குச் சில நாள் முன்னதாகவே அந்த வெயில் இறங்கும். வீட்டில் குழந்தைகள் கேள்வி கேட்டால், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். இந்தப் பத்திரிகையானாலும் சரி!