தண்ணீர் சுமந்தது யார்?

இங்கிலாந்துக் கிராமங்களில் 1940களிலும் 50களிலும் வளர்ந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பால் புட்டி வராமல் இருக்காது. பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் 1946 முதல் அரசு இலவசமாகத் தந்த பால். அளவு சுமார் 190 மில்லி. கடுங்குளிரில் பால் உறைந்து மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். புட்டிகளை அடுப்போரம் வைத்து உருக்குவார்கள். வெதுவெதுப்பான அந்தப் பாலைக் கஷ்டப்பட்டு விழுங்கிய கதையை, முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆசையாகச் சொல்வார்கள்.

அடுத்தது மிட்டாய். 1953 பிப்ரவரி 5 அன்றுதான் அதற்கு ரேஷன் கட்டுப்பாடு நீங்கியது. இறைச்சிக்கு மறு ஆண்டு ஜூலைவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நினைவுகளில் பொய் இல்லை. ஆனால் சொல்கிறவர் அன்று குழந்தை. வீட்டுக் கணக்கு அவர் கைக்கு வரவில்லை. கணப்பருகே தகரத் தொட்டியில் ஒருவர் குளித்த தண்ணீரிலேயே அடுத்தவரும் குளித்தது அவருக்கு வேடிக்கை. அந்தத் தண்ணீரைச் சுமந்து, காய்ச்சி, பிறகு அள்ளிக் கொட்டிய அம்மாவுக்கு அது வேலை. பண்ணையாட்கள் பலர் முதலாளி கொடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததே 1976இல்தான். ஆப்பிள் மரம் ஏறிய பிள்ளைக்கு இது எங்கே தெரியும்?

கென்ட் பகுதியின் ஹாப்ஸ் தோட்டங்கள் இன்னும் நல்ல உதாரணம். பீருக்குக் கசப்பைத் தரும் அந்தக் கொடியின் பூக்களைப் பறிக்க, கிழக்கு லண்டன் குடும்பங்கள் கோடை முடியும்போது கூட்டமாக வரும். குடிசையில் வைக்கோல் படுக்கை, வெட்டவெளியில் சமையல். பிள்ளைகளுக்கு அது விடுமுறை. தாய்மாருக்கோ கூடை அளந்து கூலி. பின்னால் இயந்திரம் வந்தது. கூலியோடு விடுமுறையும் போயிற்று.

எழுத்தாளர் ரொனால்ட் பிளைத் இந்த வேறுபாட்டை அறிந்தவர். சஃபோக் கிராமத்தவர்களிடம் பேசி அவர் எழுதிய ‘ஆக்கன்ஃபீல்ட்’ 1969இல் வெளிவந்தது. ஊரின் பெயர் கற்பனை. வெட்டியான், கொல்லர், தாதி, பண்ணையாள் என்று பேசுகிறவர்களின் பாடு கற்பனை அல்ல. கூலியையும் பசியையும் சேர்த்தே சொல்ல வைத்தார். வைக்கோல் வேய்ந்த வீட்டை மட்டும் காட்டும் காலண்டர் படங்களைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தப் பிள்ளைகளில் இளையவர்களுக்கே இன்று எழுபது வயது கடந்துவிட்டது. அவர்கள் நினைவுகளைப் பதிவு செய்யப் போகிறவர்கள் பால் புட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். தண்ணீர் சுமந்தது யார், வீடு யாருடையது என்றும் கேளுங்கள்.