பிரேக் பரிசோதனை

ரெயில் எவ்வளவு வேகமாக ஓடுகிறதென்று பெருமை பேசுவோர் பலர். வேண்டிய இடத்தில் நிற்குமா என்று கேட்போர் சிலரே. 1889-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி அயர்லாந்தில் அர்மா நகரருகே, ஏற்றத்தில் கழற்றி விடப்பட்ட வண்டிகள் பிரேக்கின் பிடி நீங்கிப் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த ரெயிலில் மோதின. சுமார் 80 பேர் மாண்டனர். அதன் பின்னரே, தொடர் அறுந்தால் தானே பற்றும் பிரேக்கைப் பிரயாணி ரெயில்களில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு கட்டாயமாக்கிற்று.

இன்று நம் நாட்டுச் சரக்கு வண்டிகளில் காற்றழுத்த பிரேக் வழங்குகிறது. குழாயில் சதுர செண்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் நிற்கிறது. அது குறைந்ததும் பிரேக் பற்றுகிறது. சிலிண்டர் 18 முதல் 30 விநாடிக்குள் நிரம்ப வேண்டும். இதைக் கையால் வால்வைத் திருப்பி, மானியின் முள்ளைக் கண்ணால் பார்த்து, கடிகாரம் கொண்டு கணக்கிட்டால், அளவு தொழிலாளியின் அவசரத்துக்கு உட்படும். கணிப்பொறி இயக்கும் கருவியோ அழுத்தத்தையும் நேரத்தையும் தானே அளந்து பதிவு செய்கிறது. அத்தகைய கருவி ஒவ்வொரு பட்டறையிலும் இருத்தல் அவசியம்.

ஆயினும் பிழையான மானி பழுதுற்ற வண்டிக்கும் நற்சாட்சி கூறும். ஆகவே நாம் மேலும் கேட்பவை மூன்று: கருவியையும் குறித்த காலத்தில் சரிபார்க்க வேண்டும், பதிவைத் திருத்த இடமிருக்கலாகாது, வண்டி புறப்பட நேரமாயிற்றென்று பரிசோதனையைச் சுருக்கும்படி தொழிலாளியை எவரும் நெருக்கலாகாது. விபத்து நேர்ந்தபின் கமிட்டி நியமிப்பதால் மாண்டவர் மீளார் என்பதை ரெயில்வே அதிகாரிகள் உணர்வார்களாக.