ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நாமும் கேட்போம்
டெல்டா வாக்காளர்களுக்கு ஒரு வேண்டுகோள்



நம் தொகுதியில் சட்டமன்றத் தேர்தலுக்கான மனுத்தாக்கல் முடிந்து, சின்னங்களும் ஒதுக்கியாகிவிட்டது. இனி வாக்குப்பதிவு வரை தெருத்தெருவாக வேன் வரும், ஆரத்தித் தட்டு வரும், ஒலிபெருக்கி ஓயாது. யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்ல இதை எழுதவில்லை. விவசாயிகள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மகளிர் குழுவினர் என்று சேர்ந்திருக்கும் எங்களுக்குள்ளேயே எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. நாங்கள் ஒருமனதாக ஒப்புக்கொண்டது ஒன்றுதான்: நம் சார்பில் ஐந்தாண்டு சட்டமன்றத்தில் உட்காரப்போகிறவர் யார், அங்கே எதற்கு 'ஆம்' என்பார், எதற்கு 'இல்லை' என்பார் என்று தெரிந்துகொண்டு ஓட்டுப் போடுவோம்.

ஒவ்வொரு வேட்பாளரும் தாம் யார் என்பதைத் தாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். உச்ச நீதிமன்றம் 2002-இலும் 2003-இலும் அளித்த தீர்ப்புகளால் அதை அறியும் உரிமை நமக்குக் கிடைத்தது. படிவம் 26 எனப்படும் அந்தப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கிறது. கைப்பேசி உள்ள பிள்ளைகளைக் கூப்பிட்டு, வீட்டுத் திண்ணையில் வைத்தே படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

வழக்கு விவரம் உள்ள பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். வழக்கு இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். காவிரித் தண்ணீருக்காகச் சாலை மறியல் செய்தவர்கள் மீதும்தான் வழக்கு இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டப்படி 143, 341, 188 என்று இருந்தால் பெரும்பாலும் கூட்டம் கூடியது, வழிமறித்தது, தடையை மீறியது. 420 என்றால் மோசடி. 307 என்றால் கொலை முயற்சி. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் மோசடிக்கு 318, கொலை முயற்சிக்கு 109. வழக்கு உள்ளவர் அதைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்தாக வேண்டும். இவரை ஏன் நிறுத்தினோம் என்ற காரணத்தைக் கட்சியும் வெளியிட வேண்டும். 'ஜெயிப்பார்' என்பது மட்டும் காரணமாகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது சொத்துப் பக்கம். நிலம் இருந்தால் சர்வே எண், வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். கணவன் அல்லது மனைவி பெயரில் உள்ளதும் இருக்கும். முன்பு போட்டியிட்டவர் என்றால் அப்போது கொடுத்த பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொத்து கூடியிருந்தால் தப்பில்லை. வருமானம் எந்த வழியில் வருகிறது என்பதற்குத் தனிப் பத்தியே இருக்கிறது. அரசு ஒப்பந்தம் எடுத்திருக்கிறாரா, அரசுக்குப் பாக்கி வைத்திருக்கிறாரா என்பதற்கும் இடம் உண்டு.

இனி கொள்கை. தெருவிளக்கும் சாக்கடையும் ஊராட்சி, நகராட்சி வேலை. அதற்காகச் சட்டமன்ற உறுப்பினர் தேவையில்லை. சட்டம் இயற்றுவதும், வரவு செலவுத் திட்டத்தில் கேள்வி கேட்பதும்தான் அவர் வேலை. நம் வயலையும் பிழைப்பையும் தொடுகிற மூன்று விஷயங்கள் அவரிடம் கேட்க வேண்டியவை.

முதலாவது நெல். கொள்முதல் நிலையத்தில் கொட்டிய நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டு, மழைக்கும் பனிக்கும் நடுவே காவல் கிடப்பது நமக்குப் புதிதல்ல. கருவி 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் காட்டினால் நெல்லைத் திருப்பிவிடுகிறார்கள். அந்த அளவை வகுப்பதும் தளர்த்துவதும் மத்திய அரசு. ஆகவே, '22 ஆக்கித் தருவேன்' என்று மேடையில் சொல்பவர் எப்படி என்று விளக்கட்டும். மாநில அரசின் கையில் உள்ளது வேறு: நிலையத்தை அறுவடைக்கு முன்பே திறப்பது, உலர்த்தும் இயந்திரம், சிமெண்டுக் களம், அடுக்கிய சிப்பங்களை உடனே ஏற்ற லாரி. இவற்றுக்கு என்ன செய்வார் என்று கேளுங்கள்.

இரண்டாவது நிலம். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்தது. ஏற்கெனவே நடப்பவற்றைத் தொடவில்லை. 2023-இல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டம், நீர்நிலைகள் உள்ளடங்கிய இடங்களிலும் 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு வழி திறந்தது. முதல் சட்டத்தை இன்னும் இறுக்குவாரா? இரண்டாவதைத் திருத்தச் சொல்வாரா, அப்படியே இருக்கட்டும் என்பாரா?

மூன்றாவது, கட்சியா தொகுதியா என்ற கேள்வி. 2023 ஏப்ரல் 21 அன்று, அந்த நில மசோதாவோடு, 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுத்த தொழிற்சாலைகள் திருத்த மசோதாவும் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் அன்றைய ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளுமே எதிர்த்தன. மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. எதிர்ப்பு வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கட்சி கொண்டுவரும் மசோதா தொகுதிக்கு ஆகாது என்றால் நம் வேட்பாளர் வாய் திறப்பாரா?

கடைசியாக, பணம். ஒரு வேட்பாளர் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பை 2022-இல் 40 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். ஓட்டுக்கு 500 ரூபாய் என்று ஒரு லட்சம் பேருக்குக் கொடுத்தாலே 5 கோடி. போட்டவர் எடுக்காமல் விடுவாரா? 2016-இல் பணப் பட்டுவாடா காரணமாகத் தஞ்சாவூர், அரவக்குறிச்சித் தேர்தல்களை ஆணையம் ரத்து செய்தது; நவம்பரில்தான் அங்கே வாக்குப்பதிவு நடந்தது. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். பட்டுவாடா நடந்தால் 1950-க்குச் சொல்லுங்கள்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது இவ்வளவுதான். வேட்பாளர்கள் எல்லோருடைய பிரமாணப் பத்திரங்களையும் படியுங்கள். உங்கள் கட்சிக்காரருடையதை இரண்டு முறை படியுங்கள். வாசலுக்கு வருபவரிடம் மேலே உள்ள மூன்றில் ஒன்றையாவது கேளுங்கள். நாங்களும் இதே கேள்விகளை எல்லா வேட்பாளர்களுக்கும் எழுத்தில் கொடுக்கிறோம். வந்த பதிலை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் உங்களிடம் சேர்ப்போம். பதில் தராதவர் பெயருக்கு நேரே 'பதில் தரவில்லை' என்று எழுதுவோம். அதற்கு மேல் முடிவு உங்களுடையது.

இப்படிக்கு,
தொகுதி வாக்காளர்கள்